ஹாஷிமோட்டோ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களா? மாத்திரைக்கு முன்னால் கழுத்துக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

டி.எஸ்.எச். 18, ஃப்ரீ டி4 8, ஆன்ட்டி டி.பி.ஓ. 600-க்கு மேல். இப்படி ஒரு தைராய்டு ரத்தப் பரிசோதனைத் தாளோடு, உங்களுக்கு ஹாஷிமோட்டோ, அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தியே கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியைத் தாக்கும் நோய் என்று கேட்டுக்கொண்டு, கிளினிக்கை விட்டு வெளியே வருகிறவர்கள் முதலில் செய்வது, அதைப் படம் பிடித்து வாட்சாப்பில் அக்காவுக்கு அனுப்புவதுதான். அக்கா அவள் நாத்தனாருக்கு அனுப்புவாள், நாத்தனார் நேரடி விற்பனை செய்யும் தோழிக்கு அனுப்புவாள், பொழுது சாய்வதற்குள் கடல்பாசி மாத்திரை, கருஞ்சீரக எண்ணெய், எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பவுடர் என்று மூன்று வைத்தியம் வாசலுக்கே வந்துவிடும். முதலாவது இந்த நோய்க்குக் கெடுதல் செய்யக்கூடியது. மூன்றாவதன் பெயரே தப்பு. ஏன் என்று தெரிய வேண்டுமானால் தைராய்டு செல்லைக் கெடுப்பது எது, எப்படிக் கெடுக்கிறது என்று ஒருமுறை உட்கார்ந்து புரிந்துகொள்ள வேண்டும். அது பிடிபட்டுவிட்டால் தாளில் எந்த எண்ணைப் பார்ப்பது, மாத்திரையை எப்படிப் போடுவது, எதற்குக் காசு செலவழிக்கக் கூடாது என்பதற்கெல்லாம் காரணத்தோடு விடை கிடைத்துவிடும்.

நான் டாக்டர் இல்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ரத்தம் எடுத்து, இயந்திரத்தில் ஏற்றி, அந்தத் தாளை அச்சடித்துக் கொடுக்கிற லேப்காரன். மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை, அதில் தலையிட மாட்டேன். கவுன்டரில் நின்றபடி சொல்லி முடிக்க முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தாள்

டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதில்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு அது, தைராய்டு பின்தங்கினால் பிட்யூட்டரி இன்னும் அதிகமாக அனுப்பும். அதனால்தான் தைராய்டு குறையும்போது இந்த எண் ஏறுகிறது, நிறையப் பேருக்கு இது தலைகீழாகத் தோன்றும். பெரும்பாலான லேப்களில் டி.எஸ்.எச். ஏறக்குறைய 0.4-லிருந்து 4 வரை இருந்தால் சரி. ஃப்ரீ டி4 என்பது ரத்தத்தில் உண்மையிலேயே வேலை செய்யும் ஹார்மோன், மலேசியத் தாள்களில் பிகோமோல் கணக்கில் கிட்டத்தட்ட 12-லிருந்து 22 வரை போட்டிருப்பார்கள். டி.எஸ்.எச். ஏறி, டி4 இன்னும் வரம்புக்குள் இருந்தால் ஆரம்ப நிலை. டி.எஸ்.எச். ஏறி டி4-உம் விழுந்துவிட்டால் தைராய்டு தோற்றுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது எண்தான் ஆட்களைப் பயமுறுத்துகிறது. ஆன்ட்டி டி.பி.ஓ. என்பது தைராய்டு பெராக்சிடேஸ் என்ற நொதிக்கு எதிராக உங்கள் உடம்பே செய்திருக்கும் ஆன்ட்டிபாடி. ஓர் இயந்திரத்தில் 34-க்குக் கீழே இருந்தால் சரி, இன்னொன்றில் 60 வரை சரி, ஆகவே ஒரு லேப்பின் எண்ணை இன்னொரு லேப்பின் எண்ணோடு வைத்துப் பார்த்து அழவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். இந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதற்குப் பிறகு வருகிறேன், அதற்கு முன்னால் சுரப்பிக்குள் போக வேண்டும்.

ஸ்லைடில் தெரிவது

படிக்கிற காலத்தில் தைராய்டு ஸ்லைடுகளை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வைத்தார்கள். நல்ல தைராய்டு பார்க்க அழகானது: வட்ட வட்டமான சின்ன அறைகள், ஒவ்வொரு அறையைச் சுற்றியும் ஒரே ஒரு வரிசைச் செல்கள், அறைக்குள் நிறைய இளஞ்சிவப்புக் கூழ். அந்தக் கூழில்தான் தைரோகுளோபுலின் என்ற புரதமும், அதோடு ஒட்டிச் சேமிக்கப்பட்ட ஹார்மோனும் இருக்கின்றன. ஹாஷிமோட்டோ ஸ்லைடில் அந்த ஒழுங்கே இல்லை. முதலில் கண்ணில் படுவது கருநீலப் புள்ளிகள்தான், ஆயிரக்கணக்கில் லிம்ஃபோசைட்டுகள் என்ற எதிர்ப்பு செல்கள், சில இடங்களில் அவை கூடி நிணநீர்க் கட்டிக்குள் இருப்பதுபோல் வட்டமாக முகாமே போட்டிருக்கும். அறைகள் சுருங்கி, கூழ் வற்றி, மிச்சமிருக்கும் தைராய்டு செல்கள் சில வீங்கிப்போய்ச் சிவப்புக் குறுமணிகளோடு நிற்கும். நடுவே நாரிழைகள்.

இதை முதலில் விவரித்தவர் ஜப்பானிய அறுவை மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ, 1912-ல், நான்கு பெண் நோயாளிகளின் சுரப்பிகளைப் பார்த்து. அது உடம்பு தன்னைத்தானே தாக்குவதால் வருகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அந்தக் கருத்து உறுதிப்பட 1956 வரை ஆனது.

கேள்வி இதுதான். அந்த நீலப் புள்ளிகளை அங்கே கூட்டிவந்தது யார்? வந்தவை தைராய்டு செல்லை என்ன செய்கின்றன?

பெரட்டு மணி

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒன்றைச் சொன்னால் புரியும். விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலையாட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுவதற்கு, மணி அடிக்கும். மணி எந்த மரத்தையும் வெட்டாது, மணியைக் கேட்டு வந்தவர்கள்தான் கத்தியோடு காட்டுக்குள் போவார்கள். சைட்டோகைன் என்பது அந்த மணி மாதிரி. எதிர்ப்பு செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் சின்னச் சின்னப் புரதங்கள் அவை: வா, பெருகு, தாக்கு, போதும் நிறுத்து. கிருமி வந்தால் இவை இல்லாமல் ஒருவரும் பிழைக்க முடியாது. ஆனால் இந்த உவமை ஓர் இடத்தில் உடைந்துபோகிறது, அந்த இடம்தான் இந்த நோயின் சூட்சுமமே: தைராய்டில் மணிச் சத்தமே மரத்தையும் கெடுக்கும்.

எப்படி என்று சொல்கிறேன். நூற்றுக்கணக்கில் சைட்டோகைன் பெயர்கள் உண்டு, நீங்கள் மூன்றை ஞாபகம் வைத்தால் போதும். டி லிம்ஃபோசைட்டுகள், சுருக்கமாக டி செல்கள், விடும் இன்டர்ஃபெரான் காமா. மேக்ரோபேஜ் என்ற பெரிய விழுங்கும் செல்கள் முக்கியமாக விடும் இன்டர்லூக்கின்-1 பீட்டா, அப்புறம் டி.என்.எஃப். ஆல்பா.

தொடக்கத்தில் பரம்பரைக் கூறு ஒன்று இருக்கும், எச்.எல்.ஏ., சி.டி.எல்.ஏ.-4 போன்ற மரபணுக்களில். அதன் மேல் ஏதோ ஒன்று தூண்டும்: அளவுக்கு மீறிய அயோடின், பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்கள், சில மருந்துகள். சுரப்பிக்குள் வந்த எதிர்ப்பு செல்கள் தைரோகுளோபுலின் துண்டையோ டி.பி.ஓ. துண்டையோ எடுத்து டி செல்லுக்குக் காட்டும், அது அதை அந்நியப் பொருள் என்று எடுத்துக்கொண்டு இன்டர்ஃபெரான் காமாவை விடத் தொடங்கும். இதுவரை எதிர்ப்பு செல்களின் வேலை. இனிமேல் தைராய்டு செல்லும் கூட்டுச் சேர்கிறது.

தைராய்டு செல்லின் மேல் இன்டர்ஃபெரான் காமாவைப் பிடிக்கும் ஏற்பி இருக்கிறது. அதில் இது போய் உட்கார்ந்ததும் செய்தி உட்கரு வரை போகிறது, வழக்கமாக அங்கே வேலை செய்யாத மரபணுக்கள் திறக்கின்றன. அதனால் நடப்பவற்றில் ஒன்று, எச்.எல்.ஏ. இரண்டாம் வகைப் புரதங்கள் செல்லின் மேற்பரப்புக்கு வருவது. சாதாரணமாக எதிர்ப்பு செல்கள் மட்டும் வைத்திருக்கும் காட்சிப் பலகை அது, அதை வைத்துக்கொண்டு தைராய்டு செல் தன் சொந்தப் புரதத்தையே டி செல்லுக்குக் காட்டத் தொடங்குகிறது. 1983-ல் லண்டனில் போட்டாசோ என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் இதை ஒரு கருதுகோளாக முன்வைத்தபோது பெரிய பேச்சாக இருந்தது, இதுவே நோயின் தொடக்கமா அல்லது பிறகு வரும் விளைவா என்ற வாதம் ரொம்ப நாள் ஓடியது. என் கணக்கில் நோயாளிக்கு அந்த வாதம் முக்கியமில்லை, தொடங்கிய நோயை இது ஓடவைக்கிறது என்பது போதும். இன்னொன்று, அதே செல் சி.எக்ஸ்.சி.எல்.10 என்ற ஈர்ப்புப் புரதத்தை வெளியே விடுகிறது, அது ரத்தத்தில் போய்க்கொண்டிருக்கும் டி செல்களைச் சுரப்பிக்குள் இழுக்கிறது. வந்தவை மறுபடி இன்டர்ஃபெரான் காமா விடும், தைராய்டு செல் மறுபடி இழுக்கும். ஸ்லைடில் அவ்வளவு நீலப் புள்ளிகள் இருப்பதற்கு இந்தச் சுற்று ஒரு முக்கியக் காரணம்.

சாவதற்கு முன்பே வேலை நின்றுவிடும்

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஹார்மோன் குறைவது செல் செத்துப்போவதால் மட்டும் என்று நினைக்கிறோம். மனிதத் தைராய்டு செல்களைத் தட்டில் வளர்த்து அதில் இன்டர்லூக்கின்-1, டி.என்.எஃப்., இன்டர்ஃபெரான் காமா ஊற்றிப் பார்த்திருக்கிறார்கள். செல் உயிரோடு இருக்கும்போதே அயோடினை ரத்தத்திலிருந்து உள்ளே இழுக்கும் பம்பு குறைந்துவிடுகிறது, தைரோகுளோபுலின் உற்பத்தி குறைகிறது, அயோடினை அதோடு ஒட்டவைக்கும் டி.பி.ஓ. நொதியும் குறைகிறது. மேலே பிட்யூட்டரி எவ்வளவு டி.எஸ்.எச். அனுப்பினாலும் இந்தச் செல்லால் பழையபடி கேட்டு நடக்க முடியாது. உங்கள் டி.எஸ்.எச். ஏறி நிற்பதில் செத்த செல்களின் பங்கும் உண்டு, உயிரோடு முடங்கிக் கிடக்கும் செல்களின் பங்கும் உண்டு. சிலருக்கு, முக்கியமாகப் பிரசவத்துக்குப் பிறகு வருகிறவர்களுக்கு, சுரப்பி மறுபடி எழுந்து வருவது எப்படி என்பதற்கும் இது ஒரு விளக்கம்.

அப்புறம் சாவு. செல்லின் மேல் ஃபாஸ் என்றொரு ஏற்பி உண்டு. அதைத் தொட்டு அழுத்த வேண்டிய புரதம் வந்து தொட்டால், செல் தன்னைத்தானே ஒழுங்காகப் பிரித்து முடித்துக்கொள்ளும். கேஸ்பேஸ் என்ற நொதிகள் வரிசையாக விழித்து உள்ளே இருப்பதை வெட்டும். நல்ல தைராய்டு செல்லில் ஃபாஸ் குறைவு. 1997-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டியது, இன்டர்லூக்கின்-1 பீட்டா பட்டதும் தைராய்டு செல் ஃபாஸை ஏராளமாக மேலே கொண்டுவருகிறது என்பது. இன்டர்ஃபெரான் காமாவும் டி.என்.எஃப். ஆல்பாவும் சேர்ந்தால் அந்தச் சாவுப் பாதை இன்னும் எளிதாகத் திறக்கிறது. அழுத்தும் கை டி செல்லுடையதா, பக்கத்துத் தைராய்டு செல்லுடையதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் சச்சரவு தீரவில்லை. இது தவிர, கொல்லும் டி செல்கள் பெர்ஃபோரின் என்ற புரதம் கொண்டு செல்லின் மேல்சவ்வில் துளை போட்டு கிரான்சைம் நொதிகளை உள்ளே விடும் வழியும் இருக்கிறது. இறந்த இடத்தில் டி.ஜி.எஃப். பீட்டா என்ற இன்னொரு சமிக்ஞையின் தூண்டுதலால் நார் வளர்கிறது, டாக்டர் கழுத்தைத் தொட்டுவிட்டு ரப்பர் மாதிரி கெட்டியாக இருக்கிறது என்று சொல்வதில் இதற்கும் பங்குண்டு.

இந்தச் செல்வழிகளில் பெரும்பாலானவை தட்டில் வளர்த்த செல்களிலும் எலிகளிலும் பார்த்தவை. மனிதர்களில் நடக்கிறதா என்று கேட்டால், மருந்துகளே சாட்சி. ஹெபடைட்டிஸ் சி-க்கு முன்பு இன்டர்ஃபெரான் ஆல்பா ஊசி போட்டார்கள், அது இன்னொரு சைட்டோகைன், அதைப் போட்டவர்களில் ஒரு பகுதியினருக்குத் தைராய்டு நோய் வந்தது. இப்போது புற்றுநோய்க்குக் கொடுக்கும் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற மருந்துகள் டி செல்லின் தடையை எடுத்துவிடுகின்றன, அவற்றிலும் தைராய்டு அழற்சி நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு. வீட்டில் யாராவது ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ அந்தச் சிகிச்சையில் இருந்தால், தைராய்டுப் பரிசோதனை வரிசையாக நடக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஆன்ட்டிபாடி?

1956-ல் லண்டனில் ராய்ட், டோனியாக் என்ற ஆய்வாளர்கள் ஹாஷிமோட்டோ நோயாளிகளின் ரத்தத்தில் தைரோகுளோபுலினுக்கு எதிரான ஆன்ட்டிபாடியைக் கண்டுபிடித்தார்கள். டி.பி.ஓ. ஆன்ட்டிபாடி ஹாஷிமோட்டோ உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்காவது இருக்கிறது. ஆனால் முக்கியக் கொலையாளி அது இல்லை. அம்மாவின் டி.பி.ஓ. ஆன்ட்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது, ஆனாலும் அந்தக் குழந்தைகளின் தைராய்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. (நம் நாட்டில் பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் டி.எஸ்.எச். பார்த்துவிடுகிறார்கள், அதனால் பயப்பட வேண்டாம்.) ஆன்ட்டிபாடி அடையாளம், கெடுப்பது டி செல்லும் சைட்டோகைனும்.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை: ஆன்ட்டி டி.பி.ஓ. ஒருமுறை பார்த்து உறுதியானால் போதும். 600 இருந்தது 450 ஆனது என்று மாதாமாதம் சோதித்துக் காசைக் கொட்டாதீர்கள், எங்கள் லேப்புக்கு நஷ்டம்தான், பரவாயில்லை. மாத்திரையின் அளவை முடிவு செய்வது டி.எஸ்.எச்., டி4 இரண்டும்தான். ஆன்ட்டிபாடி மட்டும் இருந்து டி.எஸ்.எச். சரியாக இருந்தால் பெரும்பாலும் மாத்திரையும் வேண்டாம், வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். இங்கிலாந்தில் விக்கம் என்ற ஊரில் 1970-களில் தொடங்கி 20 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வில், ஆன்ட்டிபாடியும் இருந்து டி.எஸ்.எச்.-உம் ஏறியிருந்த பெண்களில் வருடத்துக்கு 100-க்கு 4 பேர் சொச்சம்தான் முழுக் குறைபாட்டுக்குப் போனார்கள், ஆன்ட்டிபாடி மட்டும் இருந்தவர்களில் 2 பேர் சொச்சம்.

சைட்டோகைனையே அளந்து பாருங்கள் என்று கூகுளில் படித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. வேண்டாம். சண்டை நடப்பது கழுத்துக்குள், கையில் எடுக்கும் ரத்தத்தில் அது ஒழுங்காகத் தெரியாது. உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை கூடப் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். கழுத்து வலியோடு காய்ச்சலும், ஈ.எஸ்.ஆர். எகிறியும் இருந்தால் அது வேறு வகைத் தைராய்டு அழற்சி, அதை டாக்டரிடம் காட்டுங்கள்.

அடுத்த கேள்வியும் வரும்: சைட்டோகைன்தான் காரணம் என்றால் அதையே அடைக்கும் மருந்து கொடுத்தால் என்ன? டி.என்.எஃப்.-ஐ அடைக்கும் ஊசிகள் இருக்கின்றன, மூட்டுவாதத்துக்குப் போடுகிறார்கள். ஆனால் அது உடம்பு முழுவதும் அடைக்கும், உள்ளே உறங்கிக்கொண்டிருக்கும் காசநோய் விழித்துக்கொள்ளலாம், விலையும் அதிகம். ஹாஷிமோட்டோவில் இழப்பது ஒரே ஒரு ஹார்மோன், அதை மலிவான ஒரு மாத்திரை நிரப்பிவிடுகிறது. கணக்குப் பார்த்தால் விடை வந்துவிடும். ஸ்டீராய்டும் இதே காரணத்தால்தான் வழக்கமாகக் கொடுப்பதில்லை.

மாத்திரை போடும் விதம்

டாக்டர் கொடுக்கும் அந்த ஹார்மோன் மாத்திரையின் பெயர் லெவோதைராக்சின், அது சைட்டோகைனைத் தொடாது. சுரப்பி செய்ய முடியாமல் விட்டதை வெளியிலிருந்து கொடுக்கிறது, அவ்வளவுதான். இதை மனதில் வைத்தால், டி.எஸ்.எச். 2-க்கு வந்ததும் "சரியாகிவிட்டது" என்று மாத்திரையை நிறுத்துவது எவ்வளவு தப்பு என்று விளங்கும். எண் நன்றாக இருப்பது மாத்திரையால். நிறுத்தினால் சில வாரங்களில் பழைய இடத்துக்குப் போகும், அதுவும் மெதுவாகப் போவதால் உங்களுக்கே தெரியாது, மறதி, மலச்சிக்கல், குரல் கனம், மாதவிலக்குக் கோளாறு என்று ஒவ்வொன்றாக வரும்போது வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில், சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால். இதுதான் விதி, இதில்தான் நம் ஊரில் தகராறு. பால்மரம் சீவப் போகிறவர்களும் பேக்டரி பஸ் பிடிக்கிறவர்களும் விடியுமுன் எழுந்ததும் செய்யும் முதல் காரியம் கோப்பி. கோப்பியோடு சேர்ந்தால் மாத்திரை சரியாக உறிஞ்சப்படாது. பால், சோயா பால், சத்துமாவு எல்லாம் அப்படியே. என் யோசனை: மாத்திரையையும் ஒரு கிளாஸ் தண்ணீரையும் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள், கண் விழித்ததும் போட்டுவிட்டு அப்புறம் குளிக்கப் போங்கள், பிள்ளைகளுக்கு டப்பா கட்டுங்கள், கோப்பி கடைசியில். அதற்கும் வழியில்லையா, இரவில் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம், டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். எந்த நேரம் என்பதைவிட தினமும் ஒரே மாதிரி என்பது முக்கியம். இரும்புச் சத்து, கால்சியம், வயிற்றெரிச்சல் மருந்து இவற்றுக்கும் இதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி. தைப்பூச விரதம், புரட்டாசி விரதம் என்று மாத்திரையை விட வேண்டியதில்லை, தண்ணீரோடு ஒரு மாத்திரை விரதத்தைக் கெடுக்காது.

முழு அளவு உடல் எடைக்குக் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்று ஒரு கணக்கு உண்டு, 60 கிலோ என்றால் 100-ஐ ஒட்டி வரும். வயதானவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் 25-லோ அதற்கும் கீழோ தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். ஆகவே பக்கத்து வீட்டு அண்ணிக்கு 100, எனக்கு மட்டும் ஏன் 25 என்று நர்ஸ் மிஸ்ஸியிடம் சண்டை போடாதீர்கள். இந்த ஹார்மோனில் பாதி கரைய ஏறக்குறைய ஏழு நாள் ஆகும், அதனால் ஒருநாள் மறந்தால் உலகம் கவிழாது, அதே காரணத்தால் அளவை மாற்றிய இரண்டாவது வாரமே ரத்தம் எடுத்தாலும் பிரயோஜனம் இல்லை. ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து எடுங்கள். நிலைத்துவிட்டால் ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை. அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டிப் பார்க்கிற வசதி இருக்கும்போது இதைத் தள்ளிப் போடக் காரணமே இல்லை, காத்திருக்கும் நேரம்தான் செலவு. காலையில் மாத்திரை போடுமுன் ரத்தம் கொடுங்கள், மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

ரத்தம் கொடுப்பதில் ஒரு பொறி இருக்கிறது. தைராய்டு குறைந்தால் முடி கொட்டும், முடி கொட்டினால் பயோட்டின் மாத்திரை வாங்குவார்கள், அந்த பயோட்டின் எங்கள் இயந்திரங்கள் பலவற்றின் கணக்கையே குழப்பும்: டி.எஸ்.எச். குறைவாகவும் டி4 அதிகமாகவும் காட்டி, அளவு கூடிவிட்டதோ என்று டாக்டரை நினைக்க வைக்கும். முடி, நகம், தோல் என்று பெயர் போட்ட எந்த மாத்திரையையும் குறைந்தது இரண்டு நாள் முன்னால் நிறுத்திவிட்டு வாருங்கள், கவுன்டரிலும் சொல்லிவிடுங்கள்.

வாசலுக்கு வந்த வைத்தியங்கள்

கடல்பாசி மாத்திரையில் இருப்பது அயோடின். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம், அயோடின் உப்பும் மீனும் முட்டையும் சாப்பிடுகிற வீட்டில் அது பெரும்பாலும் கிடைத்துவிடும். அதற்கு மேல் கொட்டினால் கெட்டுப்போன சுரப்பி சமாளிக்க முடியாமல் இன்னும் படுத்துவிடும், அயோடின் அதிகம் ஏறிய தைரோகுளோபுலினை டி செல்கள் இன்னும் சுலபமாக அந்நியமாகப் பார்க்கும். சமையல் உப்பை விட வேண்டாம், மாத்திரையை விடுங்கள்.

எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவது என்பதற்குத் தனியாக ஒரு வார்த்தை: உங்களுக்கு எதிர்ப்பு சக்தி குறையவில்லை, இடம் தெரியாமல் வேலை செய்கிறது. அதைக் கூட்டுகிறேன் என்று வருகிறவரிடம், இன்டர்ஃபெரான் காமாவைக் கூட்டுமா குறைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

செலினியம் என்ற தாதுச்சத்து மாத்திரை கொஞ்சம் மரியாதைக்குரியது. அது ஆன்ட்டி டி.பி.ஓ. எண்ணைக் குறைப்பதாகச் சோதனைகள் இருக்கின்றன, ஆனால் ஆளுக்கு நன்மை செய்கிறதா, மாத்திரையின் தேவையைக் குறைக்கிறதா என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை. அளவு மீறினால் நகமும் முடியும் உதிரும். கருஞ்சீரகம் சமையலில் இருந்துவிட்டுப் போகட்டும்.

பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் லேபிள் இல்லாமல் விற்கும் உருண்டைகளிடம் மட்டும் கடுமையாக இருங்கள். ஸ்டீராய்டு கலந்த நாட்டு மருந்துகளைப் பற்றி சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு சைட்டோகைனைக் குறைக்கும் என்பதால் தின்ற வாரத்தில் உடம்பு லேசாகத்தான் தோன்றும், அதிலேயே ஆள் விழுந்துவிடுவார், பிறகு சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறி, எலும்பும் பலமிழந்து போகும். எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இல்லாததை வாயில் போடாதீர்கள்.

பிள்ளை பெற்றவர்கள், பெறப் போகிறவர்கள்

கர்ப்பத்தில் எதிர்ப்பு சக்தி குழந்தைக்காகக் கொஞ்சம் அடங்கி இருக்கும், பிரசவம் ஆனதும் திரும்ப எழும். டி.பி.ஓ. ஆன்ட்டிபாடி உள்ளவர்களுக்கு அப்போதுதான் சுரப்பியில் தாக்குதல் வரும். முதலில் அறைகள் உடைந்து சேமித்த ஹார்மோன் கசியும்: படபடப்பு, கை நடுக்கம், எடை குறைவு. சில மாதம் கழித்து ஹார்மோன் தீர்ந்து எதிர்ப்பக்கம் சாயும்: அசதி, அழுகை, குளிர். வீட்டில் இதைப் பத்தியக் குறை என்பார்கள், மருமகள் சோம்பேறி என்பார்கள், ஒரு டி.எஸ்.எச். பார்த்தால் தெரிந்துவிடும். கசிவுக் கட்டத்தில் தைராய்டைக் குறைக்கும் மாத்திரை பயன்படாது, ஏனென்றால் புதிதாக எதுவும் அதிகமாகச் சுரக்கவில்லை. பலருக்கு ஒரு வருடத்துக்குள் சரியாகும், சரியானவர்களும் வருடாவருடம் சோதித்துக்கொள்ள வேண்டும்.

ஏற்கெனவே மாத்திரையில் இருக்கிறவர் கர்ப்பம் என்று தெரிந்த அன்றே தாய்சேய் கிளினிக்கில் சொல்லுங்கள், பிங்க் புத்தகம் போடும் நாள் வரை காத்திருக்காதீர்கள். பொதுவாக அளவு கால்பங்குக்கு மேல் ஏறும், ஏனென்றால் முதல் மாதங்களில் குழந்தைக்குச் சொந்தத் தைராய்டு வேலை செய்யாது, அம்மாவின் ஹார்மோன்தான் அதன் மூளைக்கும் போகிறது. அங்கே கொடுக்கும் இரும்பு மாத்திரையை மதியத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

அக்கா தங்கைகள், மகள்கள், சர்க்கரை முதல் வகை உள்ள பிள்ளைகள் இவர்களுக்கும் ஒருமுறை டி.எஸ்.எச். பார்ப்பது நல்லது. மாத்திரை தொடங்கியதும் நெஞ்சு வலியோ தாறுமாறான துடிப்போ வந்தால் அன்றே போங்கள். மாத்திரையை விட்டுவிட்ட வயதானவர் உடம்பு சில்லிட்டு, கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாமல் தூங்கிக்கொண்டே இருந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், 999. பல வருட ஹாஷிமோட்டோ உள்ள பெரியவருக்குக் கழுத்து சில வாரங்களில் வேகமாகப் பெருத்து, குரல் மாறி, விழுங்க முடியாமல் போனால், அடிக்கடி நடப்பதில்லை என்றாலும் அந்த நீலப் புள்ளிகளிலிருந்தே லிம்ஃபோமா என்ற புற்றுநோய் எழலாம், அதை அடுத்த அப்பாயின்மென்ட் வரை வைத்திருக்கக் கூடாது.